பழைய கேரவன்: எங்கே என்ன அறிகுறி, எதைத் திறந்து பார்ப்பது

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டிதான் கேரவன். பழையது ஒன்று வாசலுக்கு வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பெயின்ட். பிள்ளைகள் நிறம் சொல்வார்கள், ஆயா (பாட்டி) திரைத்துணிக்கு அளவெடுக்கத் தொடங்கிவிடுவார், மாமா யாராவது கூரையில் சோலார் வைக்கலாம் என்பார். எல்லாம் செய்யலாம். ஆனால் கடைசியில். அழகு பார்த்து முடித்த கேரவனை அடுத்த மழைக்காலத்தில் திரும்பப் பிரித்துப் போட்ட குடும்பங்களை டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் கேரவன் வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்திய வம்சாவளியினரான நம் வீடுகளுக்குள் பிந்தித்தான் வந்தது. 1953இல் வந்த, பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை நல்ல கடற்கரைகளும் முகாம் இடங்களும் நமக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தன. அதனால் இன்று நாம் வாங்குகிற ஸ்ப்ரைட், ஜர்கன்ஸ், ஜிப்சி வண்டிகள் பெரும்பாலும் வேறு யாரோ பல வருடம் ஓட்டி, பிறகு புல்தரையில் மறந்துவிட்டவை. நமக்கு அதன் வரலாறு தெரியாது. எந்தத் திருகாணியை யார் எதற்குப் போட்டார் என்றும் தெரியாது. ஆகவே அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேரவனில் பழுது தெரிகிற இடமும் பழுது இருக்கிற இடமும் அநேகமாக ஒன்றல்ல. கறை கீழே இருந்தால் ஓட்டை மேலே இருக்கும். விளக்கு இடதுபக்கம் மங்கினால் கோளாறு முன்னால் இருக்கும் பிளக்கில் இருக்கலாம்.

மூலையில் பழுப்புக் கறை. சுவர் விரலுக்கு அமுங்குகிறது

இதுதான் பெரிய நோய். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பழைய கேரவனின் சுவர் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் மரச்சட்டமும் பாலிஸ்டைரீன் பலகையும். மேலே ஒரு திருகாணி ஓட்டை வழியாக நுழையும் தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வழியில் இருக்கும் மரத்தை எல்லாம் ஊறவைத்து, கீழ் மூலையில் வந்துதான் முகம் காட்டும். கறையைப் பார்க்கும்போது மேலே மரம் ஏற்கெனவே போயிருக்கும்.

முதலில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே உள்சுவர் முழுக்கப் போங்கள். பிறகு முட்டியால் தட்டுங்கள். நல்ல இடம் டக் என்னும், ஊறிய இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இருக்கைக்கு அடியில், அலமாரியின் உள்மூலையில், முன்பக்கப் பெரிய ஜன்னலுக்குக் கீழே கூரான ஊசி ஒன்றால் குத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அங்கே மரம் இல்லை. பழைய சொந்தக்காரர் உள்ளே புதிதாகப் பலகை அடித்திருந்தால் மகிழ வேண்டாம். கறையை மறைக்க அடித்ததாக இருக்கலாம்.

ஓட்டை எங்கே என்று பிடிக்கக் குழாய்ச் சோதனை செய்யுங்கள். இது குடும்பமாகச் செய்ய ஏற்ற வேலை: ஒருவர் வெளியே தோட்டக் குழாயோடு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. மேலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் ஓடவிட்டு, அப்புறம் மேலே ஏறுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் ஒழுகும், எது எதென்று தெரியாது. அழுத்தத்தோடு அடிக்கும் மெஷினைப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. மழை போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைத் தள்ளிவிடும்.

வழக்கமான குற்றவாளிகள்: கூரையும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் அலுமினிய ரயில், அதாவது டென்ட் மாட்டுகிற பள்ளம், கூரை ஜன்னலின் விளிம்பு, மேல் மூலைகளில் உள்ள சின்ன விளக்குகளின் திருகாணிகள், ஜன்னல் ரப்பர். இதில் ரயிலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கோடு நெடுக நூற்றுக்கணக்கான திருகாணி, அத்தனையும் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன.

இப்போது சரிசெய்வது. ரயிலின் மேல் சிலிக்கானை வரிந்து பூசுவது சரிசெய்தல் ஆகாது. அது தண்ணீரை வெளியேயும் விடாமல் உள்ளேயே அடைத்துவைக்கும். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் (இடுக்கை அடைக்கும் பசை) ஒட்டாது. வினிகர் வாசனை அடிக்கும் வகை அலுமினியத்தையே அரிக்கும். ரயிலை முழுதாகக் கழற்றுங்கள். பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, டர்ப்பன்டைனால் துடைத்து, கடைசியில் ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. ரயிலின் அடியில் பியூட்டைல் டேப் (மெழுகுபோல் மென்மையான, இடுக்கை அடைக்கும் பட்டை) ஒட்டித் திரும்பப் பொருத்துங்கள். ஒவ்வொரு திருகாணியின் முனையையும் சீலன்டில் தொட்டு இறக்குங்கள். இரும்புத் திருகாணி வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்; கடலோரத்தில் எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும், அதைத் தடுக்கவும் அந்தச் சீலன்ட் உதவும். வெயிலில் சில நாள் விட்டால் டேப் பிதுங்கி வெளியே வரும். அப்போது வெட்டிவிட்டு மறுபடி ஒருமுறை திருகாணிகளை இறுக்குங்கள்.

திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய திருகாணி போட்டு ஏமாற்ற வேண்டாம். உள்பிளைவுட்டைத் திறந்து, வெளுப்பான காய்ந்த மரம் தெரியும்வரை வெட்டி எடுங்கள். கறுத்த பகுதிக்கு அப்பால் ஒரு கை நீளம் தள்ளியே வெட்டுவது நல்லது. புதுக் கட்டையைப் பழையதோடு பாதிக்குப் பாதி அறுத்து மேல்கீழாகச் சேர்த்து, தண்ணீர் தாங்கும் பசையும் திருகாணியும் போடுங்கள். மருந்து ஏற்றிய பைன் போதும். மெராண்டி மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. வெட்டிய முனைகளில் மரப் பாதுகாப்புத் திரவம் பூசுவதை மறக்க வேண்டாம்.

எப்போது திறப்பது என்பதும் முக்கியம். குவாசூலு-நாட்டால் கடற்கரையில் மழை கோடையில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று காய்ந்திருக்கும், கூரையைத் திறந்து போட அதுதான் காலம். கேப் டவுன் பக்கம் இருக்கும் உறவினருக்கு இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. எங்கே இருந்தாலும், திறந்த சுவரை மூடும் முன் மின்விசிறி வைத்து வாரக்கணக்கில் காயவிடுங்கள். தொட்டால் காய்ந்ததுபோலத் தெரியும் மரம் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

விடிந்ததும் ஜன்னலோரம் ஈரம், ஆனால் மழையே பெய்யவில்லை

இது ஒழுகல் அல்ல. நான்கு பேர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் மூச்சே தண்ணீராகும். ட்ராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் குளிர்கால இரவுகளில் இது நிச்சயம். எப்படிப் பிரித்தறிவது? ஆட்கள் தூங்காத இரவில் ஈரம் இல்லை, மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் வித்தியாசம் இல்லை, ஈரம் கண்ணாடியிலும் உலோகத்திலும் மெத்தைக்குப் பின்னாலும் மட்டும் என்றால் மூச்சுக்காற்றுதான். கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துத் தூங்குங்கள், மெத்தைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சீலன்ட் வாங்கப் போக வேண்டாம்.

தரை துள்ளுகிறது

கதவுக்கு உள்ளேயும் அடுப்புக்கு முன்னாலும் நின்று குதிகாலில் எடை போட்டுப் பாருங்கள். இரண்டு காரணம் உண்டு, வைத்தியம் வேறு வேறு. தரைக்கு அடியில் படுத்துப் பாருங்கள் (ஜாக்கின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் அல்ல, சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு அடியில்). அடிப்பலகை கறுத்து, ஊசி இறங்கினால் அது அழுகல். வெட்டி மாற்ற வேண்டும். அடிப்பலகை உறுதியாக இருந்து, நடக்கும்போது மட்டும் சரக் சரக் என்றால் மேல்பலகையும் நடுவில் இருக்கும் பாலிஸ்டைரீனும் பசை விட்டிருக்கின்றன. அதற்கு மேலிருந்து சின்னச் சின்னத் துளை போட்டு, இதற்கென்றே விற்கும் எபாக்சிப் பசையை ஊசியால் ஏற்றி, மேலே பலகையும் கனமும் வைத்து அழுத்தி இறுகவிடலாம். கனத்துக்கு அரிசி மூட்டை போதும்.

எபாக்சி அழுகலுக்கு மருந்து அல்ல. ஈர மரத்தில் அது பிடிக்காது.

இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து சிமிட்டுகின்றன

பல்பை மாற்றாதீர்கள். எர்த் கோளாறு. கரண்ட் திரும்பிப் போக ஒழுங்கான வழி கிடைக்காததால் அடுத்த விளக்கின் வழியாகத் திரும்புகிறது.

கேரவனைக் காரோடு இணைக்கும் ஏழு முள் பிளக்கில் வழக்கமான வரிசை இது: 1 மஞ்சள், இடது இன்டிகேட்டர், 2 நீலம், கூடுதல் இணைப்பு, 3 வெள்ளை, எர்த், 4 பச்சை, வலது இன்டிகேட்டர், 5 பழுப்பு, வலது பின்விளக்கு, 6 சிவப்பு, பிரேக் விளக்கு, 7 கறுப்பு, இடது பின்விளக்கு. பழைய வண்டியில் வயர் நிறத்தை நம்ப வேண்டாம், முள்ளின் எண்ணை நம்புங்கள். இடையில் யாராவது கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள்.

பிளக்கைத் திறந்தால் மூன்றாம் முள்ளில் பச்சைத் துரு இருக்கும், பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து, வயர் முனையைப் புதிதாக வெட்டி இறுக்குங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பாட்டரியின் நெகட்டிவிலிருந்து தனி வயர் ஒன்றை இழுத்து, சிமிட்டும் விளக்கின் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். விளக்கு சரியாக எரிந்தால் நடுவில் எங்கோ எர்த் அறுந்திருக்கிறது. விளக்குக் கூட்டின் எர்த்தைச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) திருகி விட்டிருந்தால் அந்தத் துருவை முதலில் பாருங்கள். இன்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் மட்டும் பல்பைப் பாருங்கள், ஒன்று போயிருக்கும்.

முகாம் இடத்தில் பிளக்கைச் செருகியதும் டிரிப் ஆகிறது

எது டிரிப் ஆனது என்று முதலில் பாருங்கள். கெட்டிலும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது சாதாரண பிரேக்கர் விழுந்தால் அது பாரம். முகாமில் இருக்கும் நீல நிற சாக்கெட் 16 ஆம்பியருக்கு உரியது, 2000 வாட் கெட்டில் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் எடுக்கும். ஒன்றை நிறுத்தினால் சரி.

விழுந்தது எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) என்றால் கதை வேறு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும், விழுவதுதான் அதன் வேலை. கேரவனுக்குள் எல்லாப் பிரேக்கரையும் அணைத்து, எல்லாப் பொருளின் பிளக்கையும் கழற்றிவிட்டுச் செருகுங்கள். அப்போதும் விழுந்தால் உள்ளே வரும் கேபிளிலோ, வெளிச்சுவரில் இருக்கும் இணைப்புப் பெட்டியிலோ, சுவருக்குள் ஓடும் வயரிலோ கோளாறு. எலி கடித்த வயர், அலமாரி மாட்ட அடித்த திருகாணி துளைத்த வயர், இரண்டும் சகஜம். விழவில்லை என்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். நூற்றுக்குப் பாதி ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள ஹீட்டர் கம்பிதான். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது ஈரம் குடித்துவிடும். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக்கர் அணைந்திருந்தாலும் டிரிப் ஆகும், அதை எலக்ட்ரீஷியன் தன் மீட்டரை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

டிரிப் ஆகிறதே என்று எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்லும் ஆள் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். கேரவனின் வெளித்தோல் முழுக்க அலுமினியம். எர்த் இல்லாமல் அதில் கரண்ட் இறங்கினால், ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கும் குழந்தைதான் எர்த். 230 வோல்ட் வேலை எதையும் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். அறிகுறியைப் பிரித்துச் சொல்வது வரைதான் நம் பங்கு.

லோட் ஷெடிங் (திட்டமிட்ட மின்வெட்டு) நேரத்தில் ஒன்று: கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்ப வரும்போது வோல்டேஜ் துள்ளும், பழைய சார்ஜர்கள் அதைத் தாங்காது.

12 வோல்ட் பக்கம் விளக்கு மங்கினால் பாட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு மீட்டரில் பாருங்கள். 12.7 முழுமை, 12.2 பாதி, 12க்குக் கீழே அடிக்கடி போன ஈயப் பாட்டரி நீண்ட நாள் வராது.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, குளிரவில்லை

கேரவன் ஃப்ரிட்ஜ் வீட்டு ஃப்ரிட்ஜ் அல்ல. மோட்டார் கிடையாது. கீழே சூடு வைத்தால் அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து, குழாய்களில் தானாகச் சுற்றி வந்து குளிர வைக்கும். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் வண்டி மட்டமாக நிற்கிறதா பாருங்கள். சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கிச் சுற்று நின்றுவிடும். ஃப்ரிட்ஜின் உள்ளே ரசமட்டம் வைத்துப் பாருங்கள், வண்டித் தரையில் அல்ல. பழைய வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்காது. பிறகு பொறுமை. போட்ட ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம், ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள்.

கேஸில் குளிர்கிறது, கரண்டில் குளிரவில்லை என்றால் ஹீட்டர் கம்பி போயிருக்கிறது. கம்பி மட்டும் மாற்றலாம். கரண்டில் குளிர்கிறது, கேஸில் இல்லை என்றால் பர்னரும் புகைக்குழாயும் கரி பிடித்திருக்கும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் குளிரவில்லை என்று புகார் வேண்டாம். ஏற்கெனவே குளிர்ந்ததை ஓடும்போது காப்பாற்றத்தான் அது. வண்டி நின்ற பிறகும் அதில் விட்டால் 8, 10 ஆம்பியர் குடித்துப் பாட்டரியைச் சாகடிக்கும்.

எதிலுமே குளிரவில்லை, கீழே கொதிகலன் பகுதி சுடுகிறது, மேலே குழாய் சில்லென்று கிடக்கிறது என்றால் சுற்று அடைத்திருக்கிறது. ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகச் சில மணி நேரம் வைத்து, திரும்ப நிமிர்த்தி ஒரு நாள் விட்டுப் போட்டுப் பார்க்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சில நேரம் பலிக்கும். பின்னால் மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் அந்தக் கேள்வியே இல்லை. குழாய் ஓட்டை, யூனிட் செத்துவிட்டது. அந்தப் பொடியை வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எல்லாம் சரி, டர்பன் பிப்ரவரிக் கோடையில் மட்டும் குளிரவில்லையா? வெளிச்சுவரில் மேலும் கீழும் இருக்கும் காற்றுத் துளைகளைப் பாருங்கள். பூச்சி வராமல் இருக்க யாராவது அடைத்திருப்பார்கள்.

கேஸ் வாசனை

எரியும் சுடரை எல்லாம் அணைத்து, கதவைத் திறந்து, சிலிண்டரை மூடுங்கள். வாசனை போனதும் சிலிண்டரை மட்டும் திறந்து, சோப்புத் தண்ணீர். இணைப்புகளில் தடவிக் குமிழி பாருங்கள், தீக்குச்சி அல்ல. ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். பழைய வண்டியோடு வந்த குழாயையும் ரெகுலேட்டரையும் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கீழே படியும். அதனால்தான் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். புதிதாகத் தரைவிரிப்பு போடும்போது அதை மூடிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொருத்திய பிறகு பதிவுபெற்ற கேஸ் தொழிலாளரிடம் சோதித்துச் சான்றிதழ் வாங்குங்கள். அடுப்புச் சுடர் மஞ்சளாக எரிந்தால் ஜெட்டில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம், கழற்றி ஊதுங்கள்.

மீன் பொரிப்பதை வெளியே டென்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டும் சொல்வதில்லை. மெத்தையில் ஏறிய மசாலா வாசனை அடுத்த விடுமுறை வரை இருக்கும்.

ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

பேரிங், அல்லது பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கிறது.

சேசிஸ் இரும்பின் மேல் ஜாக் கொடுங்கள், அடுத்த சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நான்கு மூலையிலும் இறக்குகிற கால்கள் வண்டியை ஆடாமல் நிறுத்தத்தான், தூக்க அல்ல. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்றால் தளர்ந்திருக்கிறது. கழற்றி, பழைய கிரீசை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் நீலமோ புள்ளியோ தெரிந்தால் பேரிங்கையும் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். திரும்பப் போடும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, பழையதைப் போடாமல் புதுப் பிளவு முள்ளைப் போடுங்கள். அதிகம் இறுக்கிய பேரிங்தான் என்3 நெடுஞ்சாலையில் எரிகிறது.

கையோடு டயரைப் பாருங்கள். பட்டன் தேய்ந்திருக்காது, ஏனென்றால் ஓடவே இல்லை. பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளை அடுத்து வரும் கடைசி எண்கள்தான் அதன் பிறந்தநாள்: 2312 என்றால் 2012ஆம் வருடம் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது, அதைப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிவிடலாம்.

வண்டி வால் ஆட்டுகிறது. நிறுத்தும்போது முன்னால் மோதுகிறது

வால் ஆட்டம் அநேகமாகப் பாரம் ஏற்றியதில் வந்தது. கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு இருக்க வேண்டும். பிரியாணித் தேக்சாவும் அரிசியும் தண்ணீர்க் கேனும் பின்னால் போனால் முன்மூக்கு லேசாகி வண்டி ஆடும். மூக்கின் எடை மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள், உங்கள் டோபாருக்கு (காரின் பின்னால் உள்ள இழுவைக் கொக்கி) சொன்ன எல்லையைத் தாண்டாமல் இருக்கட்டும். குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி மூக்கை இறக்கினால் தெரிந்துவிடும். ஓடும்போது ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் இறங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

புறப்படும்போதும் நிற்கும்போதும் டங் என்று அடித்தால் இழுவைக் கம்பியின் டாம்பர் போய்விட்டது. கேரவன் நம்மை முன்னால் தள்ளும்போது அந்தக் கம்பி உள்ளே போய்ப் பிரேக்கைப் பிடிக்கும், டாம்பர்தான் அதை மெதுவாக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, கம்பியைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். எளிதாக முழுக்கப் போனால் மாற்ற வேண்டியதுதான்.

பின்னால் எடுக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் பதற வேண்டாம், அதே தள்ளல்தான் காரணம். பழைய வண்டிகளில் இழுவைக் கம்பியின் மேல் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், இறங்கிப் போய் அதைத் திருப்பிவிட்டுத்தான் பின்னால் எடுக்க வேண்டும்.

கூரை தூக்கக் கனம். துணியில் கறுப்புப் புள்ளி. பம்ப் ஓடியும் தண்ணீர் இல்லை

தூக்கும் கூரைக்கு ஸ்பிரிங்கோ கேஸ் கம்பியோ களைத்திருக்கும், இல்லையென்றால் மாமா சொன்ன சோலார் ஏறியிருக்கும். முட்டு வைக்காமல் தலையை நுழைக்காதீர்கள். துணிப் பூஞ்சைக்கு மென்மையான பிரஷ், லேசான சோப்பு. பிளீச் நூலை அறுக்கும். புதுக் கான்வாஸ் தையலில் ஒழுகினால் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். நன்றாக நனைத்துக் காயவிடுவதைச் சில முறை செய்தால் நூல் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். பம்ப் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது, கிளிப்பை இறுக்குங்கள். பச்சை படிந்த குழாயைக் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள், விலை குறைவு.

வேலை நின்றுவிட்டது, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் நின்றுவிட்டது

இதுவும் பழுதுதான், மற்ற எல்லாப் பழுதையும்விட அதிகக் கேரவன்களைக் கொன்றது இதுதான். காரணம் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டது. ஒரு மூலையைத் திறந்து, அதை மூடிய பிறகு அடுத்த மூலையைத் திறந்தால் எப்போது பார்த்தாலும் அது கேரவன்போலவே இருக்கும், மனம் தளராது. இரண்டு, ஒருவரே எல்லாம் செய்து மற்றவர்களைக் கருவி எடுத்துக் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்வது. பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு வேலை இல்லாத இடத்துக்கு இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

பத்து வயதுப் பிள்ளை பிரிக்கும் முன் போட்டோ எடுக்கலாம், திருகாணிகளை அச்சார் போத்தல்களில் போட்டுப் பெயர் எழுதலாம், மணல்தாள் தேய்க்கலாம். குழாய்ச் சோதனைக்கு அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. ஜாக்குக்குப் பக்கத்திலும் கரண்டுக்குப் பக்கத்திலும் மட்டும் வேண்டாம். ஆயாவிடம் மெத்தை உறையைக் கொடுத்துவிட்டால் நிறத்தையும் அவர்தான் தீர்மானிப்பார், விட்டுவிடுங்கள். யோசனை மட்டும் சொல்லும் மாமாவுக்குப் பேரிங் கழுவும் வேலை.

முடிக்கும் நாளை யோசித்து வையுங்கள். ஈஸ்டருக்கு மற்றவர்கள் எல்லாம் கேரவனைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கூமிலும் மாரியம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்கள். டிசம்பர் என்று வைத்துக்கொண்டால் சண்டை குறையும்.

எல்லாம் காய்ந்து, ஒழுகல் நின்று, ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டதா? சரி, இப்போது பெயின்ட். அலுமினியத்துக்கு அதற்கான எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் அடித்தால் தோல் தோலாக உரியும். அடித்த பெயின்ட் வட்ட வட்டமாக விலகினால் அங்கே பழைய சிலிக்கான் மிச்சம். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும், உள்ளே படுப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

டிராஃபிக் போலீஸ் கை காட்டுகிறார்

வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டியது. சேசிஸில் அடித்த எண் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். பல வருடம் லைசென்ஸ் கட்டாமல் நின்ற வண்டிக்குப் பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கும். பெயர் மாற்றும்போது அது வெளியே வரும். ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதி) சான்றிதழும் அப்போது தேவை. உங்கள் ஓட்டுநர் உரிமம் கோட் பி மட்டும் என்றால் மொத்த எடை 750 கிலோவுக்கு உட்பட்டதைத்தான் இழுக்கலாம், அதற்கு மேல் கோட் இபி வேண்டும். அந்த எடை தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடை, வெறும் வண்டியின் எடை அல்ல. பெரும்பாலான குடும்பக் கேரவன்கள் அதைத் தாண்டிவிடும்.

முதல் பயணத்துக்கு ஸ்காட்பர்க் போதும். சமதளச் சாலை, ஏதாவது ஆனால் யாராவது பக்கியோடு (பிக்கப் வண்டி) வந்து சேர்ந்துவிடலாம். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, இரண்டு பக்கச் சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வான் ரீனன் கணவாய் ஏற்றம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.